மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

அண்மையில் எங்களூர்க் கராஜ் ஒன்றில், பழைய ஒஸ்ரின் ஏ-40 பிக்கப் வண்டியொன்றின் எஞ்சின் பிரிக்கப்படுவதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் சிலிண்டர்த் தலையைக் கழற்றித் தரையில் வைத்தார். நான்கு பிஸ்ரன்களின் மேற்பரப்பிலும் கரி தடித்துப் படிந்திருந்தது. ஒன்றைச் சுரண்டித் துணியால் துடைத்தபோது அதில் 40 என்ற எண் வெளிப்பட்டது. "பாருங்கோ மாஸ்ரர், இது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின்" என்றார் அவர்.

கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் வாசிக்கப் பல்கலைக்கழகத்திற் பயின்றவன் நான். ஆயினும் அந்த 40ஐ எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவரே வாசித்துக் காட்டினார். சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து நீள்வட்டமாகும்போது அதைக் கடைந்து மீண்டும் வட்டமாக்குவர். துளை பெருத்துவிட்டமையால் அதற்கேற்பப் பெரிய பிஸ்ரன் இடவேண்டும். 40 என்பது மூல அளவிலும் அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெரியது என்பதைக் குறிக்கும். மூன்றாவது சிலிண்டரிலோ கடைவதற்கும் சுவரில் இடமில்லாது போனமையால், உள்ளே புதிய உருக்குக் குழலொன்று இறக்கப்பட்டிருந்தது. அதாவது, இந்த எஞ்சின் முன்னரும் பிரிக்கப்பட்டுப் புத்துயிர் பெற்றிருக்கிறது. யாரோ ஒருவருடைய கை இதற்குள் உழைத்திருக்கிறது. அந்தக் கைக்குரியவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் போர்களின் திகதிகளையும் பேச்சுவார்த்தைகளின் தோல்விகளையும் வரிசைப்படுத்துகின்றனர். அவ்வாண்டுகளில் மக்களின் அன்றாட வாழ்வை ஓடச்செய்த உழைப்பைப் பற்றி அவர்கள் எழுதுவது குறைவு. இக்கட்டுரை அவ்வுழைப்பின் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இந்த வாகனங்கள் இங்கு நிலைத்தமைக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. ஒஸ்ரின் ஏ-40 இங்கிலாந்தில் 1947இலும், மொறிஸ் மைனர் 1948இலும் வெளிவந்தன. மைனரின் பிக்கப் வடிவம் 1953இல் வந்தது. குடியேற்ற ஆட்சி முடிந்த பின்னரும் நமது வீதிகள் பிரித்தானியத் தொழிற்சாலைகளின் சந்தையாகவே இருந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு, மோட்டார் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வராதபோது பழையதைப் பேணுவதே வழி. 1977இல் இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்படும்வரை, கடைசற் பட்டறைகளும் கராஜ்களுமே இந்நாட்டின் மோட்டார்த் தொழிற்சாலைகளாக விளங்கின எனலாம். உடைந்த உறுப்பை வாங்க முடியாதவன் அதைச் செய்யக் கற்றுக்கொண்டான்.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டின்கீழ் இருந்த அவ்வாண்டுகளில், அரசு விதித்த பொருளாதாரத் தடை சாதாரண மக்கள்மீதே இறங்கியது. புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது. பெற்றோலும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. வாகன உதிரிப்பாகங்கள் அரிதாயின. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு வந்தது. அதுவும் கொழும்பு விலையிலும் பன்மடங்கு விலையில். இந்நிலையிலேதான் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இது எவ்வாறு இயன்றது? பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் இலகுவில் ஆவியாகிக் காற்றுடன் கலக்கும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் கொதிக்கத் தொடங்கும். எனவே குளிர்ந்த எஞ்சினை அதனால் இயக்க முடியாது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். மின்கலம் வலுவிழந்த வண்டியாயின் முன்புறத்திற் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதைத் தொடர்ந்து ஓட்டும். இவ்வகை எஞ்சின்களில் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருந்தமை பேருதவியாயிற்று. வீணே வெளியேறும் புகையின் வெப்பம் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. மேலும், மண்ணெண்ணெய்க் கலவை மிகுந்த நெருக்கலைத் தாங்காது. உரிய முறையில் எரியாமல் வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யும். ஏ-40இன் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 7:1 மட்டுமே. அக்காலத்துத் தரங்குறைந்த பெற்றோலுக்காக வகுக்கப்பட்ட இந்தத் தாழ்ந்த விகிதம், நாற்பது ஆண்டுகளின் பின்னர் முற்றுகைக்குட்பட்ட ஒரு சமூகத்துக்குக் கைகொடுத்தது. பிளக்கில் தீப்பொறி விழும் கணத்தைச் சற்றுப் பிந்தச் செய்தும், சிலிண்டர்த் தலையின் கீழ் மேலுமொரு கஸ்கற் இட்டு நெருக்கலைக் குறைத்தும் தட்டொலியைத் தணிக்க முடிந்தது.

இந்நுட்பத்தை ஏதோ ஓர் அற்புதமாகவோ, ஓரினத்துக்கே உரிய தனித்திறமையாகவோ காட்டுவோர் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1917இல் போர்ட் நிறுவனம் வெளியிட்ட போர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டது. பேர்கியூசன் உழவு இயந்திரத்தின் அத்தகைய வகையொன்று 1949இல் இங்கிலாந்தில் வந்தது. அங்கு அது விவசாயியின் செலவைக் குறைக்கும் உபாயம். யாழ்ப்பாணத்திலும் துலாமிதித்து இறைத்த தோட்டக்காரன் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மாறிய காலந்தொட்டு, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்குத் திருப்பும் பழக்கம் வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் இருந்தது. தோட்டக் கிணற்றடியிற் பயின்ற அறிவே நெருக்கடி வந்தபோது வீதிக்கு ஏறியது என்று கொள்வதே பொருத்தமாகும். மக்களின் அறிவு வெறுமையிலிருந்து பிறப்பதில்லை; அது உழைப்பிலிருந்து உழைப்புக்குக் கைமாறுகிறது.

ஆயினும் மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் செலுத்திய விலை பெரிது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்ரன் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். அறியாதவன் அதைக் கண்டு மகிழ்வான், அறிந்தவன் அஞ்சுவான். நீர்த்த எண்ணெய் பெயாரிங்குகளைக் காவாது. அவை தேயும், கிராங் தண்டு கீறுபடும், வால்வுகளில் கரி படிந்து அவை முற்றாக மூடா. எனவே மண்ணெண்ணெய்க் காலம் என்பது எஞ்சின்களை மீண்டும் மீண்டும் பிரித்துப் பூட்டிய காலமுமாகும்.

பழுதைக் கண்டறிய அந்த முதியவர் கையாண்ட முறையை இங்கு விவரித்தல் தகும். பிளக்கைக் கழற்றி, துளையைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, இன்னொருவரைக் கைப்பிடியைச் சுழற்றச் செய்வார். விரலைத் தள்ளும் வலு ஒரு சிலிண்டரில் குறைந்தால், அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் சோதிப்பார். வலு கூடினால் பழுது றிங்கில்; எண்ணெய் இடைவெளியை அடைத்துவிட்டது என்பது பொருள். கூடாவிட்டால் பழுது பெரும்பாலும் வால்விலே. ஓடும் எஞ்சினில் அடியிலிருந்து தட்டொலி கேட்டால், பிளக்குகளின் இணைப்பை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்ப்பார். எதைத் துண்டிக்கும்போது ஒலி தணிகிறதோ, அந்தப் பிஸ்ரனைக் கிராங் தண்டுடன் இணைக்கும் கோலின் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி உண்மையை அடையும் இந்த முறைக்கும், நமது ஆய்வுகூடங்களில் விஞ்ஞானமுறை என்று கற்பிக்கப்படுவதற்கும் வேறுபாடு யாது? "இதை எங்கே படித்தீர்கள், ஐயா?" என்று கேட்டேன். "காதாலை படிச்சது, மாஸ்ரர்" என்றார்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காது கூறவேண்டும். மின்சாரம் இல்லாத அக்காலத்தில் மண்ணெண்ணெயே விளக்கின் உணவு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெய் விட்டுத் திரியேற்றிய சிறு விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். காருக்குள் ஊற்றப்பட்ட ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு வீட்டில் பல இரவுகளின் வெளிச்சம். பணமுள்ளவன் காருக்கும் விளக்குக்கும் வாங்கினான். கூலியுழைப்பாளியோ விளக்கை அணைத்துவிட்டு நேரத்தோடு படுத்தான். முற்றுகை எல்லோரையும் சமமாக்கிவிட்டது என்பது வசதியுள்ளோர் பின்னாளிற் கட்டிய கதை. தடை எல்லோர்க்கும் பொது, தட்டுப்பாடு அவ்வாறன்று. ஆனால், அதே பிக்கப் வண்டிகள்தாம் பிரசவ வேதனையுற்ற பெண்ணையும் காயமுற்றவரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசேர்த்தன என்பதையும் மறத்தலாகாது. ஒரே எஞ்சினுக்குள் இந்த இரு உண்மைகளும் எரிந்தன.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, மழையிலும் இருளிலும் நிறைந்து வழிந்த அந்த ஒற்றை வீதியில் நடந்தவர்களே மிகப் பலர். சைக்கிளை உருட்டிச் சென்றவர் பலர். வாகனத்தில் ஏறியவர் சிலர். நோயாளரையும் முதியோரையும் சுமந்து ஊர்ந்த வாகனங்களுள் மண்ணெண்ணெய் மணத்த பழைய வண்டிகளும் இருந்தன. அன்று அவற்றின் தேய்ந்த பெயாரிங்குகள் தாங்கியது மனித உயிர்களின் பாரத்தை.

இத்துணை பணி செய்த தொழிலாளரை நமது சமூகம் எவ்வாறு மதித்தது? யாழ்ப்பாணத்துக் கல்வி நெடுங்காலமாக எழுதுவினைஞரையும் கணக்காளரையும் உருவாக்குவதையே குறிக்கோளாகக் கொண்டது. பேனா பிடித்த கை உயர்ந்தது. எண்ணெய் படிந்த கை தாழ்ந்தது. இரும்பையும் மரத்தையும் வசப்படுத்தியோரைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்த பழைய மனப்பான்மை, மோட்டார் யுகத்திலும் சட்டையை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. பரீட்சையில் தவறிய மாணவனிடம் "கராஜுக்குப் போ" என்று சொல்லும் ஆசிரியர் இன்றும் நம்மிடையே உளர். அச்சொல்லை நானும் வகுப்பறையிற் சொல்லியிருக்கிறேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அந்த முதியவர் முன்னே நின்றபோது அச்சொல்லே என் காதில் ஒலித்தது.

2022இல் இத்தீவு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. நாட்கணக்கில் அசையாது நின்றவற்றுட் பல, கணினி கட்டுப்படுத்தும் புத்தம்புதிய எஞ்சின்கள். அவற்றுள் சில துளி பெற்றோலை விட்டு மண்ணெண்ணெயில் ஓட்ட வழியில்லை. அவற்றின் பழுதைக் காதாற் கேட்டு மட்டும் அறியவும் இயலாது. அதற்கெனத் தனிக் கருவி வேண்டும். புதிய எஞ்சின் குறைந்த எரிபொருளில் கூடிய தூரம் ஓடுகிறது. குறைந்த நச்சுப்புகையை வெளியிடுகிறது. அந்த முன்னேற்றத்தை மறுப்பது அறிவீனம். ஆனால், இயந்திரத்தைத் திறந்து புரிந்துகொள்ளும் உரிமை, அதைப் பயன்படுத்துவோனிடமிருந்தும் திருத்துவோனிடமிருந்தும் மெல்ல மெல்ல உற்பத்தியாளனிடம் கைமாறுகிறது என்பதையும் நாம் கண்டுகொள்ளாதிருக்க முடியாது.

மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்குகள் முதுமையடைந்துவிட்டனர். அவர்கள் காதாற் கற்றவை அவர்களோடு மறையுமுன் எழுதப்பட வேண்டும். இது ஆசிரியர்களாலும் மாணவர்களாலும் ஆகக்கூடிய பணி. இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நமது கிராமத்தின் வரலாற்றை எழுதச் சொல்லும்போது கோயிலின் தலபுராணத்தோடு மாணவர் நின்றுவிடுகின்றனர். அடுத்த தெருவிலுள்ள கராஜுக்கும் அவர்களை அனுப்புவோம். இம்முறை தண்டனையாக அன்று, கல்வியாக.

அந்த பிக்கப் வண்டி மூன்று கிழமைகளின் பின்னர் ஓடியது. வால்வுகள் தேய்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. பெயாரிங்குகளும் றிங்குகளும் புதியவை. முதியவர் கைப்பிடியை என்னிடம் தந்தார். இரண்டாம் சுழற்றில் எஞ்சின் இயங்கியது. அவர் தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.