பாடும் வாயும் கொட்டும் கையும்

எங்கள் குன்னத்தூர்ப் பகுதியில் இக்காலத்து இளைஞர் சிலர் கிதார் பயில்கின்றனர். அவர்கள் என்னிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, தனியே மீட்டினால் கை தவறுவதில்லை, தனியே பாடினால் பாட்டும் தவறுவதில்லை. இரண்டையும் சேர்த்தால் பாட்டு, கையைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறதே, ஏன்?" என்பதே அது. இவ்வினா நம் நாட்டிற்குப் புதியதன்று.

ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைத்து வந்தார். பதிகத்தின் பெருமைக்கு யாழே காரணம் என்று உறவினர் பேசக் கேட்ட பாணர் வருந்தி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டினார். தருமபுரத்தில் சம்பந்தர் அவ்வாறே பாடினார். யாழ் பின்தொடர இயலவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியில் இயன்ற அளவே வாசிக்குமாறு கூறினார். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் இதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். அப்பதிகத்தின் பண் யாழ்மூரி என்று இன்றும் வழங்குகிறது. குரல் செல்லும் இடமெல்லாம் கருவியும் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அங்கே பாடியவர் ஒருவர், இசைத்தவர் மற்றொருவர். இருவர் தொழிலையும் ஒருவரே செய்யும் கலை நம் கொங்கு நாட்டில் உண்டு. அது உடுக்கைப் பாட்டு. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் கதையாகிய அண்ணன்மார் கதையைப் பாடுவோர், இடக்கையால் உடுக்கையின் இடையைப் பிடித்துக் கயிற்றை அழுத்தித் தளர்த்துவர். ஒலி ஏறி இறங்கும். வலக்கை விரல்கள் தோலில் அடிக்கும். வாயோ கதையைப் பாடிச் செல்லும். சொற்கள் நீண்டும் குறுகியும் ஓடும். அடியோ தன் கணக்கில் விழும்.

இது கைகூடுவது எவ்வாறு? இசை நூலார் எடுப்பினை மூவகையாகப் பிரிப்பர். தாளத்தோடு பாட்டுத் தொடங்கின் சமம். தாளத்திற்குப் பின் தொடங்கின் அனாகதம். முன்னே தொடங்கின் அதீதம். பாட்டும் தாளமும் ஒருங்கே பிறக்க வேண்டுவதில்லை. எந்த எழுத்தில் எந்த அடி விழும் என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். ஆதலின் முதலில் கை, நினைவின் துணையின்றி நடக்கும்வரை பழகுக. பின்னர் அந்த அடியின்மேல் பாட்டின் சொற்களை மெல்லப் பேசுக. அடி விழும் எழுத்துக்களைக் குறித்துக்கொள்க. இறுதியாகப் பாடுக. கிதாருக்கும் இவ்வழியே பொருந்தும்.

1965ஆம் ஆண்டில் மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் காங்கயம் வட்டாரத்தில் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1992இல் அது நூலாகவும் வெளிவந்தது. நூலில் சொற்கள் உள்ளன. கை எங்கே விழுந்தது என்பதை ஒலிநாடாவே காத்துத் தந்தது. உடுக்கை கேட்டு விடியும் இரவுகள் எங்கள் பக்கத்து ஊர்களில் இன்று அருகிவிட்டன. ஏட்டில் எழுதி வைக்க முடியாத கல்வி இது. பாடுவோர் அருகில் அமர்ந்தே பெறத்தக்கது. கிதார் ஏந்தும் இளைஞர்களே, உடுக்கைப் பாடகர் ஒருவர் உங்கள் ஊரில் இருப்பாராயின், ஓர் இரவேனும் அவர் முன் அமர்ந்து, அவர் கையையும் வாயையும் கூர்ந்து நோக்குங்கள். உங்கள் வினாவிற்கு விடை அங்கே இருக்கிறது.