பம்பு இல்லாத இஞ்சின்: ஃபோர்டு மாடல் டி ஏன் கொதித்தது?

கார் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பினால் மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது தண்ணீர் பம்பைத்தான். ஆனால் ஃபோர்டு மாடல் டி காரில் அப்படிச் சந்தேகப்பட முடியாது. காரணம், அதில் பம்பே கிடையாது! பல வருடங்கள் கொட்டகையில் கிடந்த மாடல் டி ஏன் கொதிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் வரலாறும் தெரிய வேண்டும்.

1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே இஞ்சின் குளிர்ந்தது. அதனால் 1888-ல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பிறகு வில்ஹெல்ம் மேபாக் வந்தார். 1901-ல் புகழ்பெற்ற 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். கொஞ்சம் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றிவந்தால் போதும் என்றானது.

1908-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மாடல் டி பிறந்தது. முதல் 2,500 கார்களில் பம்பு இருந்தது. பிறகு ஹென்றி ஃபோர்டு அதை எடுத்துவிட்டார். பம்பின் வேலையை யார் செய்வது? வெப்பமேதான்! சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறி ரேடியேட்டரின் தலைக்குப் போகும். அங்கே குளிர்ந்து கீழே இறங்கி மறுபடி இஞ்சினுக்குள் நுழையும். இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். 1927 வரை தயாரான 1.5 கோடிக்கும் மேற்பட்ட கார்களில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் ஓடின.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. தண்ணீரைத் தள்ளும் விசை மிகச் சிறியது என்பதால் சின்னத் தடை வந்தாலும் ஓட்டம் தளர்ந்துவிடும். தண்ணீர் மட்டம் ரேடியேட்டரின் மேல் வாய்க்குக் கீழே போய்விட்டால் சுழற்சியே நின்றுவிடும். ஆகவே நெடுநாள் நின்ற காரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டம். அடுத்தது ரேடியேட்டர். துருவும் உப்புப் படிவும் குழாய்களை அடைத்திருக்கும். இஞ்சின் சூடானபின் ரேடியேட்டரில் அங்கங்கே குளிர்ந்த திட்டுகள் தெரிந்தால் அங்கே அடைப்பு என்று அர்த்தம். குழாய்களை ஒட்டியிருக்கும் தகடுகள் காலப்போக்கில் பிடிப்பு விட்டிருந்தால், தண்ணீர் ஓடினாலும் வெப்பம் காற்றுக்குப் போகாது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உரிந்து வழியை மறித்திருக்கும்!

இவையெல்லாம் சரியாக இருந்தும் கொதிக்கிறதா? அப்படியானால் குற்றவாளி தண்ணீரில் இல்லை, தீப்பொறியில். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு லீவர் இருக்கும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது கிராங்க் திருப்பி அடிக்காமல் இருக்க அதை மேலே வைத்துப் பொறியைத் தாமதப்படுத்துவார்கள். ஸ்டார்ட் ஆனபின் அதைக் கீழே இறக்க மறந்தால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, சக்தியாக வேண்டிய வெப்பம் இஞ்சின் சுவரிலும் புகைபோக்கியிலும் இறங்கும். இன்றைய காரில் இந்த லீவரே இல்லாததால் புதிதாக ஓட்டுபவருக்கு இது தோன்றவே தோன்றாது.

அந்தக் காலத்திலேயே மாடல் டி-க்கென்று தனியாகப் பம்புகள் விற்பனைக்கு வந்தன. கொதிக்கும் காருக்குப் பலர் அதை வாங்கி மாட்டினார்கள். ஆனால் அடைத்த ரேடியேட்டருக்குப் பம்பு மாட்டுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை போடுவது போலத்தான். அடைப்பு வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒருநாள், கொதிக்கும் இஞ்சினில் அவசரமாகப் பச்சைத்தண்ணீரை ஊற்ற, நூறு வருட வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் போனது போனதுதான்.

புதிதாக இருந்தபோது இந்தக் கார் பம்பு இல்லாமலேயே அமெரிக்காவின் கிராமத்து மண் சாலைகளில் ஓடியது. அப்போது இல்லாத பம்பு இப்போது எப்படிக் குறையாகும்? பழைய இயந்திரத்தில் இல்லாததைத் தேடுவதைவிட, இருந்தது எங்கே கெட்டது என்று தேடுவதே சரியான வைத்தியம்.