கொடியில் காய்ந்த கறி

வரலாறு பேசுபவர்கள் ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். இன்று நாங்கள் எங்கள் ஆயாவின் அடுப்படியிலிருந்து தொடங்குகிறோம், தோழர்களே.

செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி. காலையில் கேழ்வரகுக் கூழ். மோர் கிடைத்தால் மோர், இல்லையென்றால் நீச்சத்தண்ணி. கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு. மழை விட்டதும் வரப்பில் நத்தை பொறுக்குவோம். ஆயா வேகவைத்து, முள்ளால் குத்தி இழுத்து, மிளகு போட்டு வறுப்பார். ஏரி வற்றினால் குரவை மீன். இப்போது அந்தக் கேழ்வரகுக்குச் சிறுதானியம் என்று பெயர்; 2023ஐ அதற்கான உலக ஆண்டாகவே கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். நெல்லை நட்டு அறுத்தவர்கள் வீட்டில் ஏன் தினமும் கூழ் என்பதையும் கேட்க வேண்டும்.

பதில் நிலத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீர் இங்குள்ள பறையர் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்தப் பஞ்சமி நிலம் கைமாறிப்போனதும், அதை மீட்கப் போராடி 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் குண்டுக்குப் பலியானதும் இந்த அவைக்குத் தெரியும். எங்கள் கூழ்ப்பானைக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் சொல்ல வருகிறோம்.

ஆனால் பசியை மட்டும் சொன்னால் ஆயாவுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அவருடைய உப்புக்கண்டத்தைச் சாப்பிட்டவர்கள் அதைப் பஞ்சத்துச் சோறு என்று சொல்ல மாட்டார்கள். மாட்டுக்கறியை நீள நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுவார். காக்கை விரட்டுவது எங்கள் வேலை. நாலைந்து நாளில் விறகு மாதிரி ஆகிவிடும். பானையில் போட்டு வைத்தால், வேலையில்லாத ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதுதான் கை கொடுக்கும். தணலில் சுட்டு, அம்மியில் தட்டி, கத்தரிக்காய்க் குழம்பில் போடுவார். தெருமுனை வரை மணக்கும்.

அந்தக் கறியிலும் தாத்தா ஒரு கோடு கிழித்திருந்தார். செத்த மாடு வீட்டுக்குள் வரக்கூடாது. சந்தையில் காசு கொடுத்து வாங்கியதுதான் வரவேண்டும். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை, படிக்கத் தெரியாது. கூட்டங்களில் கேட்டிருப்பார். தீண்டாமையின் தோற்றத்தை மாட்டுக்கறியோடு இணைத்து அம்பேத்கர் 1948இல் எழுதிய நூலை நாங்கள் முதுகலை வகுப்பில் படித்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது தாத்தா சந்தையிலிருந்து கொண்டுவரும் தேக்கிலைப் பொட்டலம்தான்.

பள்ளியில் நாங்கள் மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ஆயா கட்டிக் கொடுத்ததை ஆயாவிடம் சொல்லாமல் கொட்டிய நாளும் உண்டு. அதை இந்த அவையில் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நகரத்துக்கு வந்தோம். வாடகை வீட்டு மொட்டைமாடியில் கொடி இருந்தது, நல்ல வெயிலும் இருந்தது. வீட்டுக்காரர் முதல் நாளே, "கவுச்சி சமைப்பீங்களா?" என்று கேட்டார். எப்போதாவது என்றோம். என்ன கறி என்று சொல்லவில்லை. கொடியில் துணி மட்டுமே காய்ந்தது.

ஆயாவின் பக்குவம் இப்போது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவருக்கு எழுபது வயது. உப்பு எவ்வளவு என்று கேட்டால் உள்ளங்கையைக் குவித்துக் காட்டுகிறார்.