ஆபத்துதவி யார்மீது கடமை?

வேலூரிலிருந்து தெற்கே திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கணியம்பாடி. அப்பகுதியிலிருந்து பிரியும் சாலை ஒன்று அமிர்திக் காட்டை நோக்கிச் சென்று ஜவ்வாது மலையின் அடிவாரத்தைத் தொடுகிறது. சாலையோரத்து ஊருக்கு ஒருவகைப் பாதுகாப்பும் மலைமேட்டுக் குடியிருப்புக்கு வேறொரு வகைப் பாதுகாப்பும் வாய்த்திருப்பதை இந்தச் சிறு தொலைவுக்குள்ளேயே காணலாம். தீயும் வெள்ளமும் பாம்புக்கடியும் பேறுகால இடரும் ஆள்பார்த்து வருவதில்லை. உதவிதான் ஆளையும் இடத்தையும் பார்த்து வருகிறது. இவ்வேற்றத்தாழ்வின் வரலாற்றை நம் மார்க்கச் சட்டத்தின் கருத்தொன்றை உரைகல்லாகக் கொண்டு நோக்குவோம்.

அக்கருத்து ஃபர்ளு கிஃபாயா. சமூகத்தில் சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். எவருமே நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். ஜனாஸாத் தொழுகையை இதற்கு எடுத்துக்காட்டாக நாம் ஓதியிருக்கிறோம். ஆனால் நீரில் மூழ்குபவரைக் கரையேற்றுவதும் நெருப்பில் சிக்கியவரை மீட்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. தொழுகையில் நிற்பவர்கூட அத்தகைய அபயக்குரல் கேட்டால் தொழுகையை முறித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. மருத்துவத்தையும் ஃபர்ளு கிஃபாயாவாகக் கணக்கிட்ட இமாம் கஸ்ஸாலி (ரஹ்), தம் 'இஹ்யா'வில் ஒரு மனக்குறையை வெளியிடுகிறார். பல ஊர்களில் பிற சமயத்து மருத்துவரைத் தவிர வேறு மருத்துவர் இல்லை. கற்றவர்களோ வழக்காடு கல்வியை நாடியே திரள்கின்றனர் என்பது அவர் கருத்து. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த அக்குறையை வேலூர் வட்டாரத்தில் வாழும் நாம் எளிதில் கடந்து செல்ல முடியாது.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தோற்றம் பற்றி வழங்கிவரும் வரலாறு இது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர், பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியரைக் காக்கப் பெண்ணொருத்தியின் உதவி வேண்டி, ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண்ணிடம் அடுத்தடுத்து வந்தனர். அவருடைய தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவரை அனுமதிக்க மூவரும் உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவரில் ஒருவர் முஸ்லிம். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். பின்னர்ச் சாலையோர மருத்துவமனைகளை நடத்தத் தலைப்பட்டார். அந்நிறுவனத்தின் சமுதாய நலத்துறை இன்று கணியம்பாடி ஒன்றியத்தில் சுமார் ஒரு லட்சம் மக்களுக்குப் பணியாற்றுகிறது. நம் கடமையைப் பிறர் சுமந்த கதை இது. நன்றி கூறுவதோடு நம்மையும் விசாரித்துக்கொள்வது முறையாகும்.

தனியார் செய்தால் குற்றமா எனில், இல்லை. வக்ஃபும் ஒருவகையில் தனிமனித ஈகையே. உதவியின் வாசலில் விலை குறிக்கப்படுகிறதா என்பதே வினா. இவ்வினாவுக்கு லண்டன் நகரின் தீயணைப்பு வரலாறு நல்ல விளக்கம் தருகிறது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் அங்குத் தோன்றிய காப்பீட்டு நிறுவனங்கள் தத்தம் தீயணைப்புப் படைகளை வைத்துக்கொண்டன. காப்பீடு செய்த வீடுகளின் சுவரில் உலோக முத்திரை பதித்தன. முத்திரையற்ற வீட்டை எரியவிட்டு வேடிக்கை பார்த்தனர் என்பது பெரிதும் மிகைக்கூற்று என வரலாற்றறிஞர் கருதுவர். அண்டை வீட்டுத் தீ தம் வீட்டுக்கும் பரவும் அல்லவா? ஆயினும் அப்படைகளின் முதற்கவலை காப்பீடு செய்யப்பட்ட சொத்தே. 1833இல் பத்து நிறுவனங்கள் தம் படைகளை ஒன்றிணைத்தன. 1861 ஜூனில் டூலி தெருக் கிடங்குகள் பற்றியெரிந்து, படைத்தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டும் மாண்டார். இழப்பைக் கண்டு அஞ்சிய நிறுவனங்கள், இனி இச்சுமை எங்களால் ஆகாது என அரசிடம் கைவிரித்தன. 1865இல் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு தீயணைப்பு பொதுப்பணியாயிற்று. இலாபம் உள்ளவரை தாங்கிய கை, இழப்பு வந்ததும் விலகிக்கொண்டது.

முஸ்லிம் நகரங்களும் குறையற்றவை அல்ல. இஸ்தான்பூலில் 1720இல், பிரான்சிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவரின் தலைமையில் அரசுத் தீயணைப்புப் படை அமைந்தது. பிற்காலத்தில் தெருவாரியாகத் தோன்றிய குழுக்களோ, எரியும் வீட்டின் முன் நின்று உரிமையாளரிடம் கூலி பேசியதாகப் பழி சுமந்தன. மறுபுறம், அந்நகர மஹல்லாக்களில் 'அவாரிழ்' வக்ஃபுகள் இருந்தன. எதிர்பாராத வரிச்சுமை, நோய், வறுமை ஆகியவற்றுக்கென மஹல்லாவாசிகள் சேர்த்துவைத்த பொதுநிதி அது.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட முன்மாதிரி ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் பஞ்சமாகும். 'சாம்பல் ஆண்டு' என்று பெயர்பெற்ற அவ்வாண்டில் பாலைவாழ் மக்கள் மதீனாவில் வந்து குவிந்தனர். கலீஃபா உமர் (ரலி) ஷாமுக்கு மடல் எழுதித் தானியம் தருவித்தார்கள். ஜகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். பசியால் திருடியவர்மீது தண்டனையை நிறுத்தினார்கள். மக்களுக்குக் கிட்டும்வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டாமென விலக்கினார்கள். ஆள்பவர் உண்பதும் ஆளப்படுபவர் உண்பதும் ஒன்றாயின. இடர்காப்பில் சமத்துவம் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் 2008 செப்டம்பரில் 108 அவசர ஊர்தித் திட்டம் தொடங்கிற்று. செலவை அரசு ஏற்க, ஒப்பந்தத்தின்படி தனியார் அமைப்பொன்று நடத்துகிறது. அழைப்பவர் காசு தரவேண்டியதில்லை. அதற்குமுன் வாடகைக் கார் பிடிக்க வழியற்று வீட்டிலேயே மடிந்தோரை எண்ணினால், இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. இலவசப் பணியின் மதிப்பைக் கொரோனாக் காலமும் உணர்த்தியது. 2021இல் தனியார் ஊர்திகளின் கட்டணக் கொள்ளையைத் தடுக்க அரசே விலை நிர்ணயிக்க நேர்ந்தது. அந்நாட்களில் ஜமாஅத்துகளும் நம் இயக்கங்களும் ஊர்தி ஓட்டியதையும், சமயம் பாராது ஜனாஸாக்களைச் சுமந்ததையும் நாடறியும்.

ஆயினும் ஊர்தி, சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். 2023 மே மாதம், இதே வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. உடலை ஏற்றிவந்த ஊர்தி, சாலையின்மையால் பாதிவழியில் நின்றது. எஞ்சிய தொலைவைத் தாய் தன் பிள்ளையின் உடலைச் சுமந்து நடந்தே கடந்தாள். இங்கே விலை கேட்டவர் எவருமில்லை, ஒப்பந்தமும் மீறப்படவில்லை. எனினும் உதவி சென்று சேரவில்லை. சமவெளியின் வேகத்தையும் சேர்த்துச் சராசரி காணும் கணக்கில் மலைமேட்டுக் குடிசை மறைந்துபோகும். ஊர்தியை ஒப்பந்தத்துக்கு விடலாம். மலைக்குச் சாலை இல்லை என்னும் பொறுப்பை எவரிடம் ஒப்பந்தத்துக்கு விடுவது?

பிறரை மட்டும் சுட்டுவது நீதியாகாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. கீற்றுக்கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாமல் கருகினர். நம் மக்கள் ஆண்டுதோறும் திரளாகச் செல்லும் தர்ஹாவின் அருகிலேயே அக்கொட்டகைகள் இருந்தன. கண்டவர் பலர், கேட்டவர் சிலர். கட்டணம் பெற்றவர் பார்த்துக்கொள்வார் எனக் குடும்பங்களும், உரிமையாளர் பொறுப்பு என ஊரும், எவரும் புகார் செய்யவில்லை என அலுவலரும் இருந்தனர்.

ஃபர்ளு கிஃபாயாவின் கூர்மை இங்குதான் தெரிகிறது. 'சிலர் செய்தால் போதும்' என்னும் முற்பாதியை நாம் நன்கு நினைவில் வைத்திருக்கிறோம். அச்சிலர் உண்மையில் செய்து முடித்தனரா என்று உறுதிப்படுத்தும் வரை எஞ்சியோரின் பொறுப்பு நீங்காது என்னும் பிற்பாதியை மறந்துவிடுகிறோம். அரசு கூலி கொடுத்து அமர்த்தினாலும், கிறித்தவத் தொண்டர் அருளோடு செய்தாலும், ஜமாஅத் சந்தா திரட்டி ஊர்தி வாங்கினாலும், கணக்குக் கேட்கும் கடமை நம்மிடமே தங்குகிறது. கணியம்பாடிச் சாலையில் ஊர்தியின் ஒலி கேட்கும்போது நம் கடமை நிறைவேறியதாக எண்ணி அமைதி கொள்கிறோம். அவ்வொலி எட்டாத மேட்டில் ஒரு குடும்பம் இருக்குமாயின், அக்கடமை இன்னும் நம் அனைவர் கழுத்திலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.