ஆய்வகக் குரங்குகளில் வைரஸ் சோதனை

ஆய்வுக்காக வளர்க்கப்படும் குரங்குகளிடம், மனிதரைத் தொற்றக்கூடிய அல்லது ஆய்வு முடிவைக் கெடுக்கக்கூடிய வைரஸ்கள் உள்ளனவா என்று இரத்தத்தையும் எச்சிலையும் எடுத்துப் பார்க்கும் முறை. 1932-ல் நியூயார்க்கில் ரீசஸ் குரங்கு கடித்த மருத்துவர் ஒருவர் மூளை, தண்டுவட அழற்சியால் இறந்தார். அவர் உடலில் கிடைத்த கிருமிக்கு அவர் பெயரின் முதலெழுத்தே பெயராயிற்று: பி வைரஸ். குரங்குக்கு அது பெரும்பாலும் வாய்ப்புண்ணோடு போய்விடும்.

இச்சோதனை ஏன் தேவை என்பதற்குச் சான்றுகள் மிகுந்தது போலியோ தடுப்பூசிக் காலம். தடுப்பூசிக்கான வைரஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்க்கப்பட்டதால், வட இந்தியாவில் பிடிபட்ட ரீசஸ் குரங்குகள் கூண்டு கூண்டாக விமானமேறின. 1955-ல் லண்டன் விமான நிலையத்தில் 394 குரங்குகள் மூச்சுமுட்டி இறந்தபின் இந்தியா ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தியது. 1960-ல் ஆய்வாளர்கள் சுவீட், ஹில்லமன் இருவரும் அச்சிறுநீரகச் செல்களில் எஸ்.வி.40 என்னும் வைரஸைக் கண்டனர். ரீசஸ் செல்லில் அது அரவமின்றிக் கிடக்கும். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்லில் விட்டாலோ உள்ளே குமிழ் குமிழாகப் பொந்து விழும். ஓரினத்தின் செல்லை மட்டும் பார்த்தவர் கண்ணில் அது படாததற்கு இதுவே காரணம். அதற்குள் கோடிக்கணக்கானோர் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தனர். எலியினத்தில் கட்டி உண்டாக்கும் இவ்வைரஸ் மனிதரிடம் புற்றுநோய் தருமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை.

1967-ல் உகாண்டாவிலிருந்து வந்த குரங்குகள் வழியே மார்பர்க் காய்ச்சல் ஐரோப்பாவில் எழுவரைக் கொன்றது. அதன்பின் தனிமைக் காப்பு இறுகியது. பி வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும் என்பதால், ஒருமுறை 'இல்லை' என்று வரும் முடிவை நம்புவதில்லை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்து, தொற்றில்லாதவற்றைத் தனிக்கூட்டமாக வளர்க்கின்றனர்.

1978-ல் இந்தியா ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. குரங்குகள் மீது நடந்த கதிர்வீச்சுச் சோதனைகள் பற்றிய செய்தி காரணம் என்பர் சிலர்; குரங்குத் தொகை குறைந்ததே காரணம் என்பர் வேறு சிலர். ஆய்வகத்துக்கு வரும் குரங்குக்கு ஆறு வாரத் தனிமையை இந்திய நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. 2020-ல் கொரோனா தடுப்பூசியான கோவாக்சின் ஆய்வில் 20 ரீசஸ் குரங்குகள் பயன்பட்டன.

கேரளத்தில் குரங்கு வைரஸ் குறித்த கவலை ஆய்வகக் கூண்டைவிடக் காட்டைப் பற்றியதே. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூரில் செத்து விழுந்த குரங்குகளால் வெளிப்பட்ட, உண்ணி பரப்பும் காய்ச்சல், பின்னர் வயநாட்டிலும் தோன்றியது. வைரஸ் நோய்களை ஆராய, திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னக்கலில் மாநிலத்தின் மேம்பட்ட வைரஸ் ஆய்வு நிறுவனம் 2019-ல் திறக்கப்பட்டது.