மருளும் ஹணவும்: ஒரு பாய்க்குள் ரெண்டு செடி

2021 டிசம்பரில் தும்பறைப் பாய் நெசவு யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பக்கத்தில், கின்னர சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் வேலை அது. சிங்களத்தில் 'தும்பறை ரட்டா கலால' என்பார்கள். இந்தப் பாயைப் பற்றி யார் எழுதினாலும் 'ஹண' நாரில் செய்வது என்று எழுதுவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஹண என்று இன்று நாம் கைகாட்டும் செடி, முள்நுனி வைத்த பெரிய ஆனைக்கற்றாழை வகை. அதன் ஊர் மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள அமெரிக்க நிலமும். கண்டி அரண்மனைக்குப் பாயும் கயிறும் கட்டாயமாகக் கொடுத்து வந்த ஒரு சமூகத்தின் கைக்கு மெக்சிகோச் செடி எங்கால வந்தது?

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகால சிங்களக் கலை' நூலைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. கின்னரர் பாய் நெய்தது நியந்த நாரில் என்று அவர் பதிந்திருக்கிறார். நியந்த என்பது நாங்கள் மருள் என்று சொல்லும் செடி. ஆக, பாய் பழையது, நெய்கிற கை பழையது, நார் மட்டும் இடையில் மாறியிருக்கு. இந்த ரெண்டு செடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மருள். நீளமான, தடித்த, குழிந்த இலை. கரும்பச்சையில் வெளிறிய பட்டைகள். தண்டே இல்லாமல் மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலிருந்து இலை நேரே கிளம்பும். சங்க இலக்கியத்தில் இதை மரல் என்பார்கள். கலித்தொகையின் பாலைப் பாடல் ஒன்றில், மழை பொய்த்துப் போன காட்டில் மரை வேறு ஒன்றும் கிடைக்காமல் மரலைத் தின்னும் காட்சி வருகிறது. எல்லாம் காய்ந்த பிறகும் நிற்கிற செடி எது என்று அந்தப் புலவருக்கு வடிவாகத் தெரிந்திருக்கு. (அங்கே வளர்ந்தது எங்கட இனம் இல்லை, இந்தியப் பக்கத்துச் சகோதர இனமாகத்தான் இருக்கும். பேர் ரெண்டுக்கும் ஒன்றுதான்.) இதன் நாரில் வில் நாண் திரித்ததால் ஆங்கிலத்தில் இதற்கு 'வில் நாண் சணல்' என்று பெயர் வந்தது.

இலங்கை மருளுக்கு ஐரோப்பாவில் நடந்த கதை வேறு. ஒல்லாந்துக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இங்கே வந்த போல் ஹெர்மன் செடிகளைக் காயவைத்துத் தாள்களில் ஒட்டிக்கொண்டு போனார். அவர் செத்து நெடுங்காலத்துக்குப் பிறகு அந்தத் தொகுப்பு லின்னேயஸின் கைக்குக் கிடைத்தது. 1747இல் அதை வைத்து லின்னேயஸ் 'ஃபுளோரா செய்லானிக்கா' எழுதினார், இலங்கைக்குக் கால் வைக்காமலே. 1753இல் மருளை அவர் கற்றாழை இனமாகிய 'அலோ'வுக்குள் போட்டுவிட்டார். பிறகு அதை வெளியே எடுத்து, இத்தாலியப் பிரபு ஒருவரின் பெயரில் உருவாக்கிய 'சான்செவியேரியா' இனத்துக்குள் வைத்தார்கள். இப்போது அந்த இனமே கலைந்து 'ட்ரசீனா'வுக்குள் போய்விட்டது. இத்தனை மாற்றத்திலும் 'செய்லானிக்கா' என்ற வால் மட்டும் ஒட்டிக்கொண்டு இருக்கு.

ஹணவுக்கும் இதே குழப்பம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த அகேவ் செடியை ஐரோப்பியர் 'அமெரிக்க அலோ' என்றார்கள். நாங்கள் அதை ஆனைக்கற்றாழை என்றோம். தடித்த இலை என்றால் கற்றாழை என்று எல்லாரும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள். உண்மையில் இன்றைய வகைப்பாட்டில் மருளும் அகேவும் ஒரே குடும்பம், எங்கட சாத்தாவாரியின் குடும்பம். சோற்றுக்கற்றாழைதான் வேறு வீட்டுப் பிள்ளை.

மெக்சிகோவில் அகேவ் வெறும் நார்ச்செடி இல்லை. அதன் சாறைப் புளிக்க வைத்த 'புல்கே' கள்ளும், அந்தச் செடிக்கென்றே 'மயாவேல்' என்ற பெண் தெய்வமும் அங்கே இருந்தன. பிறகு அமெரிக்க வயல்களில் கதிர் கட்டும் இயந்திரங்களுக்குக் கயிறு தேவைப்பட்டபோது யுகத்தான் குடாநாடு முழுக்க அகேவ் தோட்டமாகியது. 1900களின் ஆரம்பத்தில் வடமெக்சிகோவின் யாக்கி மக்களை நாடு கடத்துவது போல அங்கே கொண்டுபோய்க் கட்டாய வேலை வாங்கினார்கள். சிசல் நாருக்குப் பெயர் கொடுத்ததே யுகத்தானின் சிசல் துறைமுகம். 1893இல் ரிச்சர்ட் ஹிண்டோர்ஃப் என்ற ஜேர்மானியர் ஃபுளோரிடாவிலிருந்து ஆயிரம் நாற்றுகளை வரவழைத்தார். ஜேர்மன் கிழக்கு ஆபிரிக்காவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவை 62. அந்த 62இலிருந்து தங்கனிக்கா உலகத்தின் முதன்மைச் சிசல் நாடாகியது. 1960களுக்குப் பிறகு செயற்கை நார்க் கயிறு வந்து அந்தத் தொழிலையும் படுக்க வைத்தது.

இனி அந்த 'ஹண' என்ற சொல். இது மெக்சிகோச் செடி வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் மூத்தது. சமஸ்கிருதத்தின் 'சண', அதாவது சணல்; எங்கட சணல், சணப்பு எல்லாம் அதற்குச் சொந்தம். பாளி மொழிப் பாயாசி சூத்திரத்தில் ஒரு கதை இருக்கு. ரெண்டு நண்பர்கள் கைவிட்ட ஊர் ஒன்றில் சணல் குவியலைக் கண்டு ஆளுக்கொரு கட்டுச் சுமக்கிறார்கள். போகப் போகத் துணி, செம்பு, வெள்ளி, பொன் என்று கிடைக்கிறது. ஒருத்தன் மாற்றிக்கொண்டே போகிறான். மற்றவன், 'இவ்வளவு தூரம் சுமந்திட்டன், கட்டும் இறுக்கமா இருக்கு' என்ற கணக்கில் சணலோடேயே வீடு வருகிறான். சிங்களத்தில் பழமைவாதக் கருத்தை 'ஹணமிட்டி' கருத்து என்று நக்கலடிப்பது இந்தக் கட்டைத்தான். ஆக, புது நார்ச்செடி வந்தபோது பழைய நாரின் பெயரைத் தூக்கி அதற்குப் போட்டிருக்கிறார்கள். அகேவோடு அதன் உறவான ஃபுர்க்ரேயாவும் அந்தப் பெயருக்குள் அடக்கம். பெயர் பழையது என்பதால் செடியும் ஆதியிலிருந்தே இருந்தது போல ஒரு தோற்றம் வருகிறது.

நெசவாளர் ஏன் மாறினார்கள் என்பது இலையைப் பார்த்தாலே விளங்கும். மருள் இலை முக்கால் மீற்றரைத் தாண்டுவது அரிது, அகலமும் ரெண்டு விரல்தான். அகேவ் இலை ஒரு மீற்றருக்கு மேல் போகும், கனமும் கூட. மரக்கட்டையில் வைத்துச் சதையைச் சுரண்டி, நாரைக் கழுவிக் காயவைக்கும் வேலை ரெண்டுக்கும் ஒன்றே. அதே உழைப்புக்கு எது அதிக நார் தருகிறதோ அதைத்தானே எடுப்பார்கள்? மருள் நார் மெல்லியது, வழவழப்பானது. அகேவ் நார் கொஞ்சம் முரடு. அந்த இழப்பை மரமஞ்சள், கடுக்காய், பதங்கிக் கட்டைச் சாயங்களும் நெசவும் சரிக்கட்டுகின்றன.

வளர்ப்பதிலும் ரெண்டும் ரெண்டு குணம். பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து காற்று வாங்குவது ரெண்டுக்கும் பொது. வறட்சியைத் தாங்கும் சூட்சுமம் அதுதான். மருள் மர நிழலிலும் நிற்கும். கிழங்கைப் பிரித்து நட்டாலும் சரி, இலைத்துண்டைக் குத்தி வைத்தாலும் சரி, வரும். அதைக் கொல்ல வேண்டுமென்றால் நாளுக்கு நாள் தண்ணி ஊத்தினால் போதும், அழுகிப் போகும். அகேவுக்குத் திறந்த வெயில் வேணும், இடமும் வேணும். வேலிக்கு நல்லது, நடைபாதை ஓரத்துக்குக் கூடாது. நுனி முள் கண்ணைப் பதம் பார்க்கும், சாறு பட்டால் தோல் கடிக்கும். பத்து, இருபது வருஷம் சும்மா நின்றுவிட்டு, மரம் போல ஒரு பூந்தண்டை எழுப்பி, பூத்ததும் செத்துப்போகும். அதற்கு முதலே அடியில் கன்றுகள் வந்துவிடும். மருளுக்கு அந்த நாடகம் இல்லை, பூத்த பிறகு கிழங்கு பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மரபுரிமை என்று கொண்டாடும்போது இந்தச் செடி மாற்றம் பாயின் மதிப்பைக் குறைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பாயைச் சுவரில் மாட்டுகிறோம், கின்னரர் சாதி அடுக்கின் ஆக அடியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். கயிறும் சவுக்கும் விளக்குமாறும் பாயும் அவர்கள் விரும்பித் தெரிந்த கலை இல்லை, அரசனுக்குச் செய்தே ஆகவேண்டிய இராசகாரியம். 'ஆதிகாலத்துக் கலை, ஆதிகாலத்துச் செடி' என்று பேசப் பேச அந்தக் கட்டாயமும் இயற்கையானது போல ஆகிவிடுகிறது. கைக்குக் கிடைத்த புதுச் செடியை எடுத்து, பழைய தொழிலுக்குப் பழக்கியவர்கள் என்று சொன்னால் அவர்கள் யோசித்து முடிவெடுத்த மனிதர்களாகத் தெரிவார்கள். அப்படி எழுதிய ஒன்றை நான் இன்னும் அதிகம் காணவில்லை.

இப்போது கொழும்பு அடுக்குமாடிகளில் 'ஸ்நேக் பிளான்ட்' என்று சாடிகளில் நிற்பது மருளின் மேற்கு ஆபிரிக்கச் சொந்தம். 1989இல் நாசா செய்த, மூடிய அறைக் காற்று பற்றிய ஆய்வில் அது இடம்பிடித்த பிறகு, 'காற்றைச் சுத்தமாக்கும்' என்று சொல்லிச் சொல்லி விற்கிறார்கள். மஞ்சள் விளிம்பு வைத்தது என்றால் விலை இன்னும் கூட. இலங்கையின் பெயர் வைத்த மருளைத் தேடுபவர்கள் உலர் வலயத்துப் பற்றைக்காட்டு ஓரங்களில் பார்க்கலாம். பட்டைகள் மங்கலாக, விளிம்பு பச்சையாக இருக்கும். ஒரு கிழங்குத் துண்டு போதும்.