பழைய காரும் பழுதுபார்க்கும் கையும்

வரலாறு என்றவுடன் கோட்டை கொத்தளங்களும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு ஓர் இயந்திரத்தையும் சேர்த்து எண்ண நாம் பழகவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ, கணக்கராகவும் விவசாயியாகவும் ஆசிரியராகவும் பிழைப்பு நடத்தும் எத்தனையோ பேர், ஓய்வு நாட்களில் தம் வீட்டுக் கொட்டகைக்குள் புகுந்து, நூறாண்டுக்கு முன் பிறந்த மோட்டார் வண்டியொன்றைத் தம் கையாலேயே பிரித்துப் பூட்டி ஓடச் செய்கிறார்கள். ஊதியம் கருதாத உழைப்பு இது.

நான் இயந்திரத் தொழில் கற்றவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். அந்தக் கண்ணோடு நோக்கும்போது இவர்களுடைய வேலை இரண்டு வினாக்களை எழுப்புகிறது. தொழில் பயிலாத ஒருவர் ஒரு காரை வீட்டிலேயே புதுப்பிக்க எவ்வாறு இயலுகிறது என்பது முதல் வினா. அவ்வாறு புதுப்பித்த பின்னர் அது அந்தப் பழைய கார்தானா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதல் வினாவுக்கு விடை காண நாம் 1908ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்து மோட்டார் வண்டிகளில் பெரும்பாலானவை கைவினைஞர் ஒவ்வொன்றாக அரம் கொண்டு இழைத்துப் பொருத்தியவை. ஒரு வண்டியின் பல்சக்கரம் அதே கூடத்தில் செய்த அடுத்த வண்டியில் சேராது. டிட்ராய்ட் நகரில் காடில்லாக் கார்களைச் செய்துவந்த ஹென்றி லீலண்ட் என்பவர் வேறு பள்ளியில் பயின்றவர். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் இளமையில் வேலை பார்த்தவர் அவர். போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் விசை முறிந்தால் மற்றொரு துப்பாக்கியின் விசையை எடுத்து மாட்ட வேண்டும்; அதற்கேற்ப ஒவ்வோர் உறுப்பும் ஒரே அளவில் அமைய வேண்டும். இந்தப் பாடத்தையே லீலண்ட் காருக்குக் கொண்டுவந்தார்.

1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதனைச் சோதித்துப் பார்த்தது. லண்டன் வியாபாரியிடம் இருந்த காடில்லாக் கார்களில் மூன்றைத் தேர்ந்து புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலுக்குக் கொண்டு சென்றனர். மூன்றையும் அக்கக்காகப் பிரித்து, உறுப்புகள் அனைத்தையும் ஒன்றாகக் கலந்தனர். அவற்றுள் 89 உறுப்புகளை விலக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக வியாபாரியின் கையிருப்பிலிருந்து புதியனவற்றை வைத்தனர். பின்னர் ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே கொண்டு மூன்று கார்களையும் மீண்டும் பூட்டினர். இழைக்க அரம் தேவைப்படவில்லை. மூன்றும் கிளம்பின, திடலில் 500 மைல் ஓடின. அந்த வெற்றிக்காக டியூவர் கோப்பை அமெரிக்கக் காருக்கு வழங்கப்பட்டது.

அந்த நிகழ்ச்சியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கொட்டகையில் வேலை செய்யும் ஆர்வலர் இன்றும் நம்பியிருப்பது அந்தத் தத்துவத்தையே. தம் வண்டியில் முறிந்துபோன ஓர் உறுப்பு, ஆயிரம் மைலுக்கு அப்பால் காயலான் கடையில் கிடக்கும் வேறொரு வண்டியில் பழுதின்றி இருக்கலாம். அதை எடுத்து மாட்டினால் பெரும்பாலும் பொருந்தும். ஒரே அளவு என்ற ஒழுங்கு, ஒரு வண்டியின் எச்சத்தைக் கொண்டு மற்றொன்றைக் காப்பாற்றுகிறது.

லீலண்ட் காட்டிய ஒழுங்கைப் பாமர மக்களின் வாசலுக்குக் கொண்டு சென்றவர் ஹென்றி ஃபோர்டு. அவருடைய 'டி' மாதிரிக் கார் அதே 1908இல் வெளிவந்தது. 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் அடிச்சட்டம் நகர்ந்து வர, தொழிலாளர் தத்தம் இடத்தில் நின்றே உறுப்புகளைப் பூட்டும் முறை ஏற்பட்டது. முன்பு பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை, அடுத்த ஆண்டிலேயே 93 நிமிடங்களுக்குக் குறைந்தது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, 1925இல் மிகக் குறைந்த வகைக்கு 260 டாலராக இறங்கியது. 1927இல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

இந்த வண்டியின் அமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. 20 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பு. அவற்றின் மேல்மூடி தனியே கழற்றக்கூடியது. மூடியைத் தூக்கினால் உள்ளிருப்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரைச் செலுத்தப் பம்பு இல்லை. சூடேறிய நீர் மேலேறவும் குளிர்ந்த நீர் கீழிறங்கவும் தானே சுழல்கிறது. எண்ணெய்க்கும் பம்பு இல்லை. சுழலும் சக்கரமே அதை வாரி இறைக்கிறது. பெட்ரோலுக்கும் பம்பு இல்லை. இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து அது தானே வழிந்து வருகிறது. அதனால் செங்குத்தான மேட்டில் ஏறும்போது, தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், எஞ்சினுக்கு அது எட்டாமல் போகும். அப்போது ஓட்டுவோர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏறுவர். இல்லாத உறுப்பு பழுதாவதில்லை என்பது இதன் நன்மை.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு வேறொரு செய்தி மிகுந்த மகிழ்ச்சியளித்தது. இந்தக் காருடன் உரிமையாளருக்கு ஃபோர்டு நிறுவனம் அளித்த கையேடு வினா விடையாக அமைந்திருந்தது. வண்டியைக் கிளப்புமுன் செய்ய வேண்டியது யாது என்று வினா. அதன் கீழே விடை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்களே, அதே முறை! பட்டறை எட்டாத தொலைவில் வாழ்ந்த விவசாயியை அந்த நூல் மாணவனாக ஏற்றுக்கொண்டது. அவரும் நல்ல மாணவராக விளங்கினார். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் வார் பூட்டி, மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் அதே காரைப் பயன்படுத்தினார். இன்றைய ஆர்வலருக்கு முன்னோர் இவர்தாம்.

எளிதில் கிடைத்த பொருளை எளிதில் எறிந்துவிடுவது உலக வழக்கம். புதிய கார்கள் வந்தபின் இவை களஞ்சியங்களின் பின்னே கோழி அடையும் கூடுகளாயின. எனினும் பழையதை மதிக்கும் சிலர் ஒன்றுகூடினர். 1935இல் ஃபிலடெல்ஃபியாவில் தொன்மைக் கார் சங்கமும், 1937இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குதிரையில்லா வண்டிச் சங்கமும் தோன்றின. பின்னர் உலகப் போர் வந்தது. 1942இல் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. போர்த்தளவாடங்களுக்காகப் பழைய இரும்பு நாடெங்கும் திரட்டப்பட்டது. அவ்வாறு உலைக்குச் சென்ற பழைய கார்கள் பல. எஞ்சியவற்றின் அருமை அதன் பிறகே விளங்கிற்று. 1955ஆம் ஆண்டு முதல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்னும் ஊரில் இலையுதிர் காலந்தோறும் கூடும் பழைய கார் விழாவில், துருப்பிடித்த விளக்கும் வளைந்த மூடியும் தேடி மக்கள் நாள் முழுதும் நடப்பர்.

இனி, கொட்டகைக்குள் நடக்கும் வேலையைச் சிறிது காண்போம். முதல் வேலை எழுதுவது. எந்த மரையாணி எங்கிருந்து வந்தது, எந்தக் கம்பி எதற்குக் கீழே சென்றது என்று குறித்து, படமெடுத்து, சிறுசிறு டப்பாக்களில் இட்டுச் சீட்டு ஒட்டுகிறார். குறிப்பில்லாமல் பிரித்த கார் இரும்புக் குவியலே ஆகும். அடுத்து வேண்டுவது பொறுமை. ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு துருவேறிப் பற்றிக் கொண்டிருக்கும். வலுவாக அடித்தால் வார்ப்பு விரியும். எனவே எண்ணெய் ஊற்றி நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஊறவிட்டு, சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கின்றனர். வெள்ளீயம் மிகுந்த மென்கலவையை உருக்கி வார்த்த தாங்கிகளைச் சுரண்டிச் சுரண்டித் தண்டுக்குப் பொருந்தச் செய்வது நுட்பமான வேலை. மேற்கட்டு பெரும்பாலும் மரச்சட்டத்தின் மீது தகடு போர்த்தியது. ஆகவே காரைப் புதுப்பிப்பவர் தச்சு வேலையும் கற்றாக வேண்டும்.

கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. திருப்பு சக்கரத்தின் இடப்புறம் தீப்பொறியின் நேரத்தை மாற்றும் நெம்பு. வலப்புறம் பெட்ரோல் நெம்பு. முதலாவதை மேலே தள்ளிப் பொறி தாமதமாகத் தோன்றும்படி செய்த பிறகே ஹாண்டில் சுற்ற வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்துக் கையை முறித்துவிடும். ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்வது அதனால்தான். பல ஆண்டு உழைப்புக்குப் பின் எஞ்சின் முதன்முதலாக இருமிச் சீறி ஓடத் தொடங்கும் ஒலி, அவர்களுக்கு எந்த இசைக்கும் குறைந்ததன்று.

இப்போது இரண்டாவது வினாவுக்கு வருகிறேன். ஒவ்வோர் உறுப்பும் மாற்றத்தக்கது என்பதே முதல் வினாவின் விடை. அதே காரணத்தால் இரண்டாவது வினா கடினமாகிறது. 'டி' மாதிரியின் எஞ்சினில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு எஞ்சின் பிறந்த காலத்தை அறியலாம். அது எஞ்சினுக்குச் சான்று, வண்டிக்குச் சான்றாகாது. இடையில் யாரேனும் எஞ்சினை மாற்றியிருக்கலாம். கார் உற்பத்தி நின்ற பின்னரும் 1941 வரை மாற்று எஞ்சின்கள் செய்யப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

நிறத்தையும் கூறலாம். இந்தக் கார் என்றாலே கறுப்பு என்று பலர் நினைக்கின்றனர். தொடக்க ஆண்டுகளில் சாம்பல், பச்சை, நீலம், சிவப்பு ஆகிய நிறங்கள் இருந்தன. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு ஒன்றே. 1926இல் மற்ற நிறங்கள் திரும்பின. ஆக, 1910ஆம் ஆண்டுக் காருக்குக் கறுப்பு பூசுபவர் நல்லெண்ணத்தோடு பொய் எழுதுகிறார். கண்ணாடி போல மின்னும் இக்காலப் பூச்சைப் பூசுபவரும் அவ்வாறே. தொழிற்சாலையில் அந்த வண்டி ஒருநாளும் அவ்வளவு பளபளத்ததில்லை.

சிதைந்த ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவர் இருவகையினர். எழுத்து அழிந்த இடத்தில் புள்ளியிட்டு விடுபவர் ஒருவர். தாமே ஒரு சொல்லைப் புகுத்திச் செய்யுளை நிரப்புபவர் மற்றொருவர். முன்னவரையே அறிஞர் உலகம் நம்புகிறது. கார் உலகமும் இதை மெல்ல உணர்ந்தது. முன்பு முற்றும் புதுப்பித்த வண்டிக்கே பரிசு என்றிருந்த நிலை மாறி, மூல உறுப்புகளை மாற்றாமல் காத்த வண்டிகளுக்கென்று தொன்மைக் கார் சங்கம் தனிப்பிரிவே வகுத்தது. கிழிந்த இருக்கைத் தோலும் தேய்ந்த மிதிகட்டையும், அந்த வண்டியை ஆண்டாண்டாகப் பயன்படுத்திய குடும்பத்தைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றைக் களைந்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுபோகும். ஓட்டத்துக்கு இன்றியமையாததை மாற்றுக, மாற்றியதை எழுதி வைக்க, மற்றதைத் தொடாதிருக்க. இதுவே என் கருத்தில் நேர்மையான வழி. அவ்வாறு செய்த காரைப் பழைய கார் என்று தயங்காமல் சொல்லலாம். அதன் பழுதும் பழுது தீர்த்த கையும் அதன் வரலாற்றில் அடங்கியவை.

இவ்வளவும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்பவர் உண்டு. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், காரின் பழுதைக் கணிப்பொறியே கண்டு குறியீடாகச் சேமித்து வைக்கும் முறை கட்டாயமாயிற்று. மூடியைத் தூக்கினால் காரணம் கண்ணுக்குத் தெரிந்த காலம் போய், குறியீட்டைப் படிக்கும் கருவி வேண்டிய காலம் வந்தது. அத்தகவலை உரிமையாளருக்கும் சிறு பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்ற சட்டத்தை மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர் 2012இல் பெருவாரியாக ஆதரித்தனர். தான் வாங்கிய பொருளைத் தானே திறந்து பார்க்கும் உரிமை அங்கே வாக்குச்சாவடி வரை சென்றது.

வினா விடைக் கையேட்டைக் கொடுத்து, நீயே செய்துகொள் என்று உரிமையாளரை நம்பிய ஒரு காலம் இருந்தது. கொட்டகையில் எண்ணெய் படிந்த கையோடு நிற்கும் ஆர்வலர் ஒரு காரை மட்டும் காப்பாற்றவில்லை; அந்த நம்பிக்கையையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார். அவர் தம் பேரனைப் பக்கத்தில் நிறுத்திக் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுப்பாரானால், ஆசிரியன் என்ற முறையில் நான் அவரை என் தொழிலைச் சேர்ந்தவராகவே கருதுவேன்.